கேரேஜ் கதவுக்கு எந்த ஸ்பிரிங் வாங்குவது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: இரண்டு கார் நிற்கும் அகலமான கேரேஜ் கதவு. விடியற்காலையில் வெடி வைத்தது போல ஒரு சத்தம். அதற்கப்புறம் மோட்டார் முனகுகிறதே ஒழிய, கதவு ஒரு சாணுக்கு மேல் எழும்பவில்லை. வாசலுக்கு மேலே உள்ள தண்டில் இரண்டு ஸ்பிரிங். அதில் ஒன்று முறிந்து நடுவே இரண்டு விரல் இடைவெளி தெரிகிறது. புதிது வாங்கலாம் என்று விசாரித்தால் டார்ஷனா எக்ஸ்டென்ஷனா, கறுப்பா வெள்ளி நிறமா, 10,000 தடவையா 25,000 தடவையா என்று விற்பவர்கள் உங்களையே திருப்பிக் கேட்கிறார்கள். “இதில் எது நல்ல வகை, நானே மாட்டிவிடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்பிரிங் மாட்டுவதும் கழற்றுவதுமாக எனக்கு 18 வருடம் ஓடிவிட்டது. நல்ல வகை எது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே: கதவு எத்தனை கிலோ? பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் வாங்கும் ஸ்பிரிங், எந்த வகையாக இருந்தாலும், எவ்வளவு விலை கொடுத்தாலும், உங்கள் கதவுக்குத் தவறான ஸ்பிரிங்காகத்தான் இருக்கும். டார்ஷனா எக்ஸ்டென்ஷனா என்பதைக் கதவு கட்டிய அன்றே யாரோ முடிவு செய்துவிட்டார்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது இரண்டு: எடைக்குச் சரியான ஸ்பிரிங்கை எடுப்பது, அது எத்தனை வருடம் உழைக்க வேண்டும் என்று தீர்மானிப்பது.

கதவைத் தூக்குவது மோட்டார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கதவைத் தூக்குவது ஸ்பிரிங். மோட்டார் அதை மேலேயோ கீழேயோ லேசாகத் தள்ளிவிடுகிறது, அவ்வளவே. ஸ்பிரிங் சரியாக இருந்தால் 75 கிலோ கதவை ஒரு கையால் தூக்கலாம். உங்கள் மோட்டார் இப்போது முனகுவதற்குக் காரணம், அதன் வேலை அல்லாத வேலையைச் செய்யச் சொல்வதுதான். தயவுசெய்து அந்தப் பொத்தானை மறுபடி அமுக்காதீர்கள். ஸ்பிரிங் போன கதவை மோட்டாரால் இழுத்துப் பார்த்து, ஸ்பிரிங்கோடு மோட்டாரின் பல்சக்கரத்தையும் மாற்றியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, இதைவிட முக்கியமானது. கதவு மேலே நிற்கும்போது ஸ்பிரிங் உடைந்திருந்தால், மோட்டாரிலிருந்து தொங்கும், கதவை அதிலிருந்து பிரித்துவிடும் சிவப்புக் கயிற்றை இழுக்கவே கூடாது. அதுவரை கதவைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த மோட்டார்தான். விட்டால் முழு எடையோடு கீழே வந்து விழும்.

சரி, வகைக்கு வருவோம். உங்களுடையது டார்ஷன், அதாவது முறுக்கு ஸ்பிரிங். வாசலுக்கு மேலே ஒரு இரும்புத் தண்டு, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு டிரம், டிரம்மில் சுற்றிய கேபிள் கீழே இறங்கிக் கதவின் அடிமூலையைப் பிடித்திருக்கும். கதவு மூடும்போது டிரம் சுழன்று ஸ்பிரிங்கை முறுக்குகிறது. திறக்கும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து கதவைத் தூக்குகிறது. இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. கதவு மேலே ஏற ஏற அதன் பேனல்கள் ஒவ்வொன்றாக வளைந்து படுக்கைவாட்டில் உள்ள டிராக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். படுத்த பேனலின் எடையை டிராக் தாங்கிக்கொள்கிறது. கேபிளில் தொங்கும் எடை குறைகிறது. அதே நேரத்தில் ஸ்பிரிங்கும் அவிழ்ந்து பலம் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் குறைவதால்தான் கதவு எந்த உயரத்திலும் நின்ற இடத்தில் நிற்கிறது. ஸ்பிரிங் கொஞ்சம் மாறினாலும் இந்த ஒத்திசைவு கெட்டுவிடும்.

எக்ஸ்டென்ஷன் என்பது இழுவை ஸ்பிரிங். டிராக்குகளுக்கு மேலே பக்கத்துக்கு ஒன்றாக நீளவாட்டில் இருக்கும். கதவு மூடும்போது நீண்டு, திறக்கும்போது சுருங்கும். நடுவில் புல்லி இருப்பதால், கதவு 7 அடி இறங்கினால் ஸ்பிரிங் மூன்றரை அடிதான் நீளும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கதவு 60 கிலோ, ஸ்பிரிங் இரண்டு, ஆகவே ஆளுக்கு 30 கிலோ என்று கணக்குப் போட்டு வாங்கிவிடுகிறார்கள். புல்லி தூரத்தைப் பாதியாக்கும்போது பலத்தையும் பாதியாக்கிவிடுகிறது. அதனால் 60 கிலோ கதவுக்கு இரண்டு பக்கமும் 60 கிலோ ஸ்பிரிங்கே வேண்டும். இந்த வகையில் ஸ்பிரிங்கின் முனையில் பூசியிருக்கும் நிறம் எத்தனை எடைக் கதவுக்கு என்பதைக் காட்டும். டார்ஷனில் அப்படி இல்லை. அங்கே முனையில் உள்ள கூம்பின் சிவப்பும் கறுப்பும் பெரும்பாலும் வலச்சுற்றா இடச்சுற்றா என்பதைத்தான் சொல்கின்றன. தண்டின் இரு பக்கமும் உள்ள ஸ்பிரிங்குகள் ஒன்றுக்கொன்று எதிர்ச்சுற்று. ஒன்றுக்குப் பதில் மற்றதை மாட்ட முடியாது. “சிவப்புதான் உடைந்தது, சிவப்பு கொடுங்கள்” என்று கேட்டு வாங்கினால் சுற்று சரியாக இருக்கும், பலம் எப்படியோ.

இரண்டில் எது மேல் என்று கேட்டால், கனமான, அகலமான கதவுக்கு டார்ஷன்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கதவை இரு பக்கமும் சமமாகத் தூக்கும். உடைந்தாலும் தண்டைச் சுற்றிக்கொண்டு அங்கேயே கிடக்கும். இழுவை ஸ்பிரிங் உடைந்தால் சாட்டை போலப் பறக்கும். அதன் உள்ளே ஒரு பாதுகாப்புக் கேபிளைக் கோர்த்து இரு முனையிலும் கட்டியிருக்க வேண்டும். இழுவை ஸ்பிரிங் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், இப்போதே போய் அந்தக் கேபிள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே போடச் சொல்லுங்கள். அதற்காக, லேசான ஒற்றைக் கார் கதவில் ஒழுங்காக வேலை செய்யும் இழுவை ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு டார்ஷனுக்கு மாற வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். மாற வேண்டுமானால் வாசலுக்கு மேல் சாதாரணமாக 30 சென்டிமீட்டர் இடம் வேண்டும், நடு பிராக்கெட்டைப் பிடிக்க உறுதியான மரமோ சுவரோ வேண்டும், டிரம், கேபிள் எல்லாம் புதிதாக வேண்டும். உளுத்துப்போன மரத்தில் டார்ஷன் பிராக்கெட்டை முடுக்குவது, ஸ்பிரிங்கே இல்லாமல் இருப்பதைவிட மோசம். தண்டுக்குள்ளேயே ஸ்பிரிங் மறைந்திருக்கும் அமைப்புகளும் உண்டு. அவற்றுக்கு அந்தந்தத் தயாரிப்பாளரின் பாகம்தான் பொருந்தும். உருளும் ஷட்டர்களின் கணக்கு முற்றிலும் வேறு, அதை இங்கே தொடவில்லை.

இனி எடை. கதவின் எடையை யாரும் கண்ணால் சொல்ல முடியாது. 18 வருடத்துக்கு அப்புறமும் என் ஊகம் பத்து கிலோ தவறுகிறது. தகடு மட்டுமே உள்ள ஒற்றைக் கதவு 40 கிலோகூட இருக்கலாம். உள்ளே வெப்பத்தடுப்பு நுரை வைத்த இரட்டைக் கதவு 80, 90 கிலோ தாண்டும். மரக் கதவு அதற்கும் மேலே போகும். பழைய ஸ்பிரிங்கை அளந்து அதே போல வாங்கினால் போதாதா என்பீர்கள். பழையது சரியாக இருந்திருந்தால் போதும். ஆனால் இடையில் கதவுக்குக் கண்ணாடி வைத்திருப்பார்கள், உள்பக்கம் பலகை அடித்திருப்பார்கள், அல்லது முன்பு வந்த ஃபிட்டர் கையில் இருந்ததை மாட்டிவிட்டுப் போயிருப்பார். உடைவதற்கு முன்னால் கதவு கனமாகவோ, தானாக மேலே எகிறுவதாகவோ இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அப்படி இருந்திருந்தால் பழைய அளவை நம்பாதீர்கள்.

எடை பார்க்க, உடம்பு எடை பார்க்கும் சாதாரண மெஷின் போதும். ஆனால் ஒரு நிபந்தனை: கதவில் ஒரு ஸ்பிரிங்கின் பலமும் இருக்கக் கூடாது. ஒருவர் என்னிடம் போனில் தன் கதவு 41 கிலோ என்று அடித்துச் சொன்னார். அதற்கேற்ற ஸ்பிரிங்கையும் வாங்கி வைத்துவிட்டார். போய்ப் பார்த்தால் உங்கள் வீடு போலவே இரண்டில் ஒன்றுதான் உடைந்திருந்தது. மற்றது முழு முறுக்கோடு பாதி எடையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதை அவிழ்த்துவிட்டு மெஷினை வைத்தால் 79 கிலோ. அவர் வாங்கியதைத் திருப்பி எடுத்துக்கொள்ள யாரும் இல்லை, இன்னும் அவர் வீட்டு அலமாரியில்தான் கிடக்கிறது. ஆகவே ஃபிட்டர் வந்து மிச்சமுள்ள ஸ்பிரிங்கைத் தளர்த்திய பிறகு, கதவை இரண்டு பேர் சற்றே தூக்கி, நடுவில் மெஷினை வைத்து, மெதுவாக இறக்குங்கள். மெஷினின் கண்ணாடி மறையாமல் இருக்க மேலே ஒரு மரத்துண்டு வையுங்கள். அதன் எடையைக் கடைசியில் கழித்துக்கொள்ளுங்கள். உங்களுடையது போன்ற அகலமான கதவுக்கு இரு முனையிலும் ஒவ்வொரு மெஷின் வைத்து இரண்டையும் கூட்டுவது நல்லது. இரண்டு மூன்று முறை தூக்கித் தூக்கி இறக்கிப் பாருங்கள். டிராக்கில் உரசினால் எண் மாறும்.

எடை கிடைத்தால் மிச்சம் கணக்குதான். உதாரணத்துக்கு 75 கிலோ, 7 அடி உயரம், ஆரம் 5 சென்டிமீட்டர் உள்ள டிரம் என்று வைத்துக்கொள்வோம். கதவு மூடியிருக்கும்போது தண்டில் இருக்க வேண்டிய முறுக்கு 375 கிலோ-சென்டிமீட்டர். இரண்டு ஸ்பிரிங் என்றால் ஆளுக்குச் சுமார் 188. அந்த உயரத்துக்கு வழக்கமாக ஏழரைச் சுற்று முறுக்குவார்கள். ஆக ஒரு ஸ்பிரிங் ஒரு சுற்றுக்கு 25 தர வேண்டும். இந்த எண்ணைத் தருகிற ஸ்பிரிங் ஒன்றல்ல, பல உண்டு. தடித்த கம்பியில் நீளமானது, மெல்லிய கம்பியில் குட்டையானது என்று எத்தனையோ சேர்க்கைகள். விற்பவர் கேட்கும் 10,000, 25,000 எல்லாம் இங்கேதான் வருகின்றன.

அதற்கு முன் அளவெடுப்பது பற்றி. டார்ஷன் ஸ்பிரிங்குக்கு நான்கு விஷயம் வேண்டும்: கம்பியின் தடிமன், சுருளின் உள்விட்டம், முறுக்கு இல்லாத நிலையில் நீளம், சுற்றும் திசை. வீட்டுக் கதவுகளில் உள்விட்டம் பெரும்பாலும் ஒன்றே முக்கால் அங்குலம் அல்லது 2 அங்குலம். கூம்பின் மேலேயே அச்சிட்டிருக்கும். தடிமனை ஒரு சுருளில் அளக்காதீர்கள். 20 சுருளைச் சேர்த்து டேப்பில் அளந்து 20-ஆல் வகுங்கள். 5 அங்குலம் வந்தால் கம்பி 0.250, நாலரை வந்தால் 0.225. உடைந்த இடத்தின் இடைவெளியைச் சேர்க்காமல், சுருள்கள் ஒட்டி இருக்கும் பகுதியில் பாருங்கள். முறுக்கோடு இருக்கும் ஸ்பிரிங்கை அளந்தால் நீளம் கூடுதலாக வரும், ஏனென்றால் ஒவ்வொரு சுற்று முறுக்கும்போதும் ஸ்பிரிங் ஒரு கம்பித் தடிமன் நீள்கிறது.

இந்தத் தடிமனில் ஏன் இவ்வளவு கறார் என்றால், ஸ்பிரிங்கின் பலம் கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 0.207 அங்குலக் கம்பிக்குப் பதில் 0.218 போட்டால், தடிமனில் வித்தியாசம் ஐந்து சதவீதம். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பலத்தில் 23 சதவீதம் கூடிவிடும். அதே நீளத்தில் அதை மாட்டினால் கதவு கையை விட்டு மேலே எகிறும். “கொஞ்சம் ஸ்ட்ராங்காகவே போடுங்கள், நல்லதுதானே” என்பார்கள். நல்லதில்லை.

ஆனால் அதே 0.218 கம்பியைச் சுருள்களைக் கூட்டி, ஏறக்குறைய 30 சதவீதம் நீளமாக எடுத்தால் பலம் பழையபடி வந்துவிடும், கம்பிக்குள் ஏறும் அழுத்தம் மட்டும் குறையும். அழுத்தம் குறைந்தால் ஆயுள் கூடும். நீண்ட ஆயுள் ஸ்பிரிங் என்று விற்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை, தடித்த கம்பியும் நீளமும்தான். ஒருமுறை திறந்து மூடுவது ஒரு தடவை. சாதாரண ஸ்பிரிங் 10,000 தடவைக்கு வடிவமைக்கப்பட்டது. ஒரு கார் காலையில் போய் மாலையில் வந்தால் நாளைக்கு இரண்டு தடவை. 13 வருடத்துக்கு மேல் வரும். உங்கள் வீட்டில் இரண்டு கார், பிள்ளைகளின் சைக்கிள்களும் அதே கதவு வழியாகத்தான் என்று எழுதியிருந்தீர்கள். நாளைக்கு ஏழு தடவை என்று வைத்தால் நான்கு வருடம்கூட நிற்காது. 25,000 என்றால் பத்து வருடத்தை நெருங்கும். உங்களுக்கு நான் 25,000-தான் சொல்வேன், தண்டில் அந்த நீளத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. தனியாக இருப்பவர், வாரம் நாலு நாள் காரை எடுப்பவர் என்றால் சாதாரணமே போதும். இந்த எண்கள் உத்தரவாதம் அல்ல, சராசரிக் கணக்கு. துரு பிடித்தால், கதவு டிராக்கில் இறுகினால் முன்னாலேயே போகும். கடும் குளிரான காலைகளில்தான் பல ஸ்பிரிங்குகள் முறிகின்றன. ஆயுள் முடிந்த கம்பிக்கு அந்தக் குளிர் கடைசித் தள்ளு.

கறுப்பா வெள்ளி நிறமா என்ற கேள்விக்கு இவ்வளவு உறுதியாகப் பதில் சொல்ல மாட்டேன். கறுப்பு, எண்ணெயில் பதப்படுத்திய எஃகு. வெள்ளி நிறம், துத்தநாகம் பூசியது. துத்தநாகம் துருவைத் தடுக்கும் என்பது நிச்சயம். துரு கம்பியில் சிறு குழிகளை உண்டாக்கும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும் என்பதும் நிச்சயம். துத்தநாகம் பூசியது முதல் சில மாதங்களில் முறுக்கைச் சற்று அதிகமாக இழக்கும், மறுபடி ஒரு கால் சுற்று ஏற்ற வேண்டியிருக்கும் என்று ஃபிட்டர்கள் பலர் சொல்வார்கள். என் அனுபவமும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆனால் எல்லாத் தயாரிப்புக்கும் இது பொருந்தும் என்று சாதிக்க மாட்டேன். இதில் தொழிலுக்குள்ளேயே சண்டை உண்டு. கடல் காற்று வீசும் இடமானால் பூசியதை எடுங்கள். உலர்ந்த கேரேஜில் கறுப்பு வாங்கி, வருடத்துக்கு இரண்டு முறை லேசாக எண்ணெய் தடவினால் போதும்.

உடைந்தது ஒன்றுதானே, ஒன்றை மட்டும் மாற்றினால் ஆகாதா? ஆகும், சில மாதம் ஓடும். இரண்டும் ஒரே நாள் மாட்டியவை, ஒரே எண்ணிக்கை உழைத்தவை. அடுத்தது வரிசையில் நிற்கிறது. புதியதும் பழையதும் சேர்ந்தால் கணக்கும் சரியாக வராது. இரண்டையும் மாற்றுங்கள். கேபிளில் நார் பிரிந்திருந்தால் அதையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

நானே மாட்டலாமா என்பதற்கு: டார்ஷன் என்றால் வேண்டாம். மேலே சொன்ன 75 கிலோ கதவின் ஸ்பிரிங்குகளில் அடங்கியிருக்கும் ஆற்றல், 75 கிலோவை ஒரு மீட்டருக்கு மேல் தூக்கும் ஆற்றல். அது அத்தனையும் கையில் பிடித்திருக்கும் இரண்டு இரும்புக் கம்பிகளின் வழியாக உங்கள் மணிக்கட்டுக்கு வருகிறது. தொழில் பழகிய காலத்தில் வைண்டிங் ராடு, அதாவது ஸ்பிரிங்கை முறுக்கும் அந்தக் கம்பி, ஒன்று வண்டியிலேயே தங்கிவிட்டது என்று நான் ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவரைக் கூம்பின் துளையில் சொருகினேன். துளையில் அது இறுக்கமாகப் பொருந்தவில்லை. மூன்றாவது சுற்றில் நழுவி, பக்கத்துச் சுவரில் பூச்சைப் பெயர்த்துவிட்டு விழுந்தது. போகிற வழியில் என் இடது கட்டைவிரலையும் தொட்டுவிட்டுப் போனது. அந்த நகம் இன்றும் கோணல். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் கட்டுப் போட்டுவிட்டு, “ராடை எடுக்க எத்தனை அடி நடக்கணும்?” என்று மட்டும் கேட்டார். யாராவது ஸ்க்ரூடிரைவரோடு வந்தால் உள்ளே விடாதீர்கள். அதே போல, கதவின் அடிமூலையில் கேபிளைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டின் திருகைச் சும்மாகூடத் தொடாதீர்கள், அதுவும் முழு இழுவையில் இருக்கிறது. இழுவை ஸ்பிரிங் மட்டும், கதவை முழுக்கத் திறந்து, டிராக்கில் இரு பக்கமும் கவ்வி போட்டு, கீழே விழாது என்று உறுதி செய்தபின், கைப்பழக்கம் உள்ளவர் மாற்றலாம். அப்போது அதில் இழுவை இருக்காது.

ஃபிட்டர் வேலையை முடித்ததும் அவர் கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கதவை மூடிவிட்டு, மூடிய நிலையில் மட்டும், சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து பிரியுங்கள். கையால் தூக்கி இடுப்பு உயரத்தில் விடுங்கள். அங்கேயே நின்றால் சரி. கீழே நழுவினால் பலம் போதவில்லை, மேலே ஏறினால் அதிகம். கால் சுற்று, அரைச் சுற்றில் தீரும் வித்தியாசமா என்று அவரே பார்த்துச் சொல்வார். ஒன்றரை இரண்டு சுற்று மாற்றினால்தான் சரியாகும் என்றால் அது தவறான ஸ்பிரிங், முறுக்கிச் சமாளிக்க விடாதீர்கள். ஆட்கள் வந்து தளர்த்தியதும் எடையையும் அந்த நான்கு அளவுகளையும் இங்கே போடுங்கள், டிரம்மின் மேல் அச்சிட்ட எண்ணோடு சேர்த்து. கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.